வினாயகமூர்த்தியின் கால்ராசி

கடந்த வாரம் பிரஷாந்தியை வாய் திறக்காமல் சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டு அத்தியாயத்தை முடித்திருந்தேன். அதற்கு ஏறாவூரிலிருந்து ஒரு வாசகி, "பெற்ற தகப்பனுக்கே மறைக்கிறாளே, அவளுக்கு இருப்பது நெஞ்சா, கருங்கல்லா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

அக்கா, கொஞ்சம் பொறுங்கள். அன்றிரவு அந்தப் பிள்ளை சாப்பிட்ட பிட்டு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்பதையும் நான்தானே எழுதினேன்.

விஷயம் இதுதான். பிரஷாந்தி மட்டக்களப்பு நகரத்தில் கணக்காய்வுக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அவளுடைய அப்பா வினாயகமூர்த்தி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வம்மியடிச்சேனை வைத்தியசாலையின் அம்புலன்ஸ் சாரதி. அந்த அம்புலன்ஸின் கணக்கைத்தான் அவளுடைய மேலதிகாரி றவூப் கையில் எடுத்திருந்தார். "சேர், அந்தச் சாரதி என்ர அப்பா" என்று அவள் அப்போதே சொல்லிவிட்டாள். இந்த விஷயத்தை வெளியில் சொல்வதில்லை என்று அவர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கோப்பை மூடினார்.

"வியாழக்கிழமை நான் போறன், தங்கச்சி. அதுவரைக்கும் வீட்டில நீங்க மகள் மட்டும்தான்."

அந்த வியாழக்கிழமை இப்போது விடிந்துவிட்டது.

"இஞ்ச பாருகா, இந்தக் கண்ணாடியில ஆர் தூசி படிய விட்டது?" என்றார் வினாயகமூர்த்தி. சுவரில் தொங்கிய சான்றிதழைச் சாரன் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வீடுதான் என்ர பேரில. தூசி உங்கட பேரில" என்று குசினிக்குள் இருந்து அன்னப்பூரணியின் பதில் வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கட்டிய வேட்டியோடு மனைவி வீட்டுக்கு வந்து சேர்பவன். களுதாவளையில் பிறந்த வினாயகமூர்த்தியும் அப்படி வாவியைக் கடந்து வந்தவர்தான். முப்பது வருடமாகியும் அன்னப்பூரணி இந்த ஒன்றை மட்டும் அவருக்கு மறக்க விடவில்லை.

அந்தச் சான்றிதழ் எரிபொருள் சிக்கனத்துக்காகக் கிடைத்தது. யுத்தம் முடிந்த கையோடு சாரதிகளைக் கூப்பிட்டுப் பாராட்டியபோது, முழு மாவட்டத்திலும் குறைந்த டீசலில் கூடிய தூரம் ஓடியவர் என்று கொடுத்தார்கள். வினையே அதுதான். அந்தக் கணக்கைச் செய்தித்தாளில் வாசித்த நாளிலிருந்து றவூப்புக்கு நித்திரை இல்லை.

"மகள், உன்ர கந்தோரில எல்லாம் படிச்ச ஆக்கள். கேட்டுப்பாரு, இப்பிடி ஒரு வான் லீற்றருக்கு எத்தின கிலோமீற்றர் ஓடுமெண்டு. எட்டெண்டுவாங்க. என்ர கையில பதினாலு! ஏன்?"

ஏன் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. அவர் வலது காலைத் தூக்கிக் கதிரையின் மேல் வைத்துவிட்டார்.

"கால்ராசி! பூவத் தொடுறாப்போல தொடணும். இவனுகள் மிளகாய் மிதிக்கிறாப்போல மிதிக்கிறானுகள்."

இந்தப் பேச்சு தொடங்கினால் அன்னப்பூரணிக்குக் குசினியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். இன்றும் வந்தது.

பிரஷாந்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எவ்வளவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது.

"அப்பா, இண்டைக்குச் சேட்டுப் பொத்தான் எல்லாத்தையும் பூட்டிக்கொண்டு போங்க."

"ஏன் மகள்?"

"சும்மாதான்."

வினாயகமூர்த்தி சிரித்துக்கொண்டே கழுத்துப் பொத்தானையும் பூட்டினார். அன்னப்பூரணி சிரிக்கவில்லை. பெற்றவளுக்கு மகளின் முகம் தெரியாதா? அவள் படலை தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு களுதாவளைப் பக்கமாகத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய என்னவோ முணுமுணுத்தாள்.

வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். மண்முனைத் துறையில் பிரஷாந்தி காத்து நின்றபோது, அக்கரையிலிருந்து வந்த பாதையில் ஒரு வெள்ளைக் கார் இறங்கியது. முன் ஆசனத்தில் றவூப். மடியில் ஒரு தேநீர்ப் போத்தலும், வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சலும். காத்தான்குடியில் மனைவி றஸீனா விடியற்காலையில் கட்டிக் கொடுத்தது. கணக்குப் பார்க்கப் போகும் இடத்தில் றவூப் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார்.

அவர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். பிறகு இருவருமே வாவியைப் பார்த்தார்கள்.

"வாங்க சேர், வாங்க! இந்த முறையும் சான்றிதழா, இல்லாட்டிக் கேடயமா?"

கணக்காய்வு என்று சொன்னவுடன் வினாயகமூர்த்தி கேட்டது இதைத்தான். வைத்தியசாலை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த சிற்றூழியர் சின்னத்தங்கம் தும்புத்தடியை அப்படியே நிறுத்தினாள். டொக்டர் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல வாகனத்தப் பாப்பம் அண்ணன்" என்றார் றவூப்.

வாகனம் வாசலில் மருத மரத்தின் கீழ் நின்றது. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன வான். அன்றிலிருந்து அதன் டீசலும், சாரதியின் சம்பளமும், ஓவர்டைமும் அரசாங்கப் பணம். முன் கண்ணாடியில் களுதாவளைப் பிள்ளையார் ஒட்டப்பட்டிருந்தார்.

றவூப் சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். "எண்ணெய் முள் ஏன் பாதியில நிக்குது?"

"வெள்ளத்துக்க இறக்கின அண்டைக்கே அது செத்துப்போச்சு சேர். திருத்தச் சொல்லி எழுதிக் குடுத்தன், பதில் வரல்ல. அதுக்கென்ன? ஒவ்வொரு திங்களும் டாங்கி நிரப்புறன். மத்தவங்களுக்குப் பிடிக்கிற அளவு எனக்குப் பிடிக்காது. பாதியோட நிரம்பிரும். கால் அப்பிடி!"

"டாங்கி மூடிக்குப் பூட்டு?"

"அதுவும் உடைஞ்சு போச்சு. அம்புலன்ஸில ஆர் சேர் களவெடுக்கப் போறான்?"

றவூப் எழுதிக்கொண்டார். அவர் மனதில் இருந்த கணக்கு மிக எளிது. வாங்கிய டீசலுக்கு எட்டு ஓட வேண்டிய வாகனம் பதினான்கு ஓடியிருக்கிறது என்றால், மீதித் தூரம் காற்றில் ஓடவில்லை. டீசல் கூடுதலாகச் செலவானால் களவு என்று ஊரே சொல்லும். குறைவாகச் செலவானாலும் நித்திரை கெடுபவர் றவூப் ஒருவர்தான்.

"ஒருக்கா ஓடிப் பாப்பமா அண்ணன்?"

வினாயகமூர்த்திக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பக்கத்து வைத்தியசாலையின் வாகனம் ஆபத்துக்கென்று வந்து நின்றுகொண்டது. சந்திப் பெற்றோல் செட்டில் டாங்கியை வாய்வரை நிரப்பினார்கள். றவூப் மூடியின் மேல் தாள் ஒட்டிக் கையெழுத்திட்டார். பிறகு வெல்லாவெளிவரை போய்த் திரும்பினார்கள்.

வினாயகமூர்த்தி வாழ்க்கையில் அப்படி ஓட்டியதில்லை. தளும்பத் தளும்ப நீர்க்குடம் சுமப்பவர்போல ஓட்டினார். மாடுகள் தாமாக எழுந்து போகும்வரை ஹோன் அடிக்காமல் காத்து நின்றார். வட்டையில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள், ஆருக்கோ என்னவோ என்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்கள். அவர் கையசைத்தார்.

திரும்பி வந்து தாளைக் கிழித்து, டாங்கியை மறுபடி வாய்வரை நிரப்பினார்கள். றவூப் கணக்குப் போட்டார்.

ஒன்பது.

"இன்னொருக்காப் போடுங்க சேர்" என்றார் வினாயகமூர்த்தி.

போட்டார். ஒன்பதுதான் வந்தது.

வைத்தியசாலைக்குத் திரும்பினார்கள். மருத மரத்தின் கீழ் இறங்கிய பிறகுதான் றவூப் வாயைத் திறந்தார். கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் வினாயகமூர்த்திக்கு அதிகமாகப் பயத்தைக் கொடுத்தது.

"அண்ணன், இதுக்கு ரெண்டே வழிதான் இரிக்கி. ஓடாத தூரத்த ஓடினதா எழுதி நீங்க ஓவர்டைம் எடுத்திருக்கணும். இல்லாட்டி, வெளி ஆக்களுக்கு ஹயர் ஓடி, அவங்க அடிச்ச எண்ணெயில இந்தக் கணக்கு வந்திருக்கணும். எதுவா இருந்தாலும் உங்கள வேலையில இருந்து நிப்பாட்டித்தான் விசாரிப்பாங்க. பென்சனும் அதோட நிண்டுரும். வேற காரணம் ஏதும் இருந்தாச் சொல்லுங்க, எழுதுறன்."

இத்தனை வருடம் காரணம் என்று அவர் நம்பியிருந்தது, பொத்தான் பூட்டிய சேட்டுக்குக் கீழே, செருப்புக்குள் சும்மா இருந்தது.

"நான் ஒரு கோழி கூட வாங்கினதில்ல சேர்" என்றார்.

அது உண்மை. பிழைத்து வந்த நோயாளியின் வீட்டார் கோழியோடு வந்தால், "சம்பளம் வாங்குறன்" என்று கோழியையும் ஆளையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிற மனிதர். வாழைக்குலை, கருவாடு, தயிர்ச் சட்டி எதுவும் அந்தப் படலையைத் தாண்டியதில்லை. ஆனால் வாங்காத கோழிக்கு அத்தாட்சி எங்கே தேடுவது?

தும்புத்தடி கீழே விழுந்தது. சின்னத்தங்கம் மருந்தறைப் பின்பக்கம் ஓடி, போனை எடுத்தாள்.

"அன்னமக்கா, சுறுக்கா வாகா! மூர்த்தியண்ணனக் கள்ளனெண்டுறாங்க!"

அன்னப்பூரணி சைக்கிளில் வந்து இறங்கியபோது, பின்னால் ஒரு பிளாஸ்டிக் கான் கட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. மரத்தின் கீழ்ப் படியில் குனிந்து உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

வாசகர்களே, அவள் நிலையை நினைத்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் மனிசனின் பதினான்கு போய்விடும். அந்தக் கால் போய்விடும். சொல்லாவிட்டால் மானமே போய்விடும். அவள் அதிகம் யோசிக்கவில்லை.

"சேர், அந்த எண்ணெய ஊத்தினது நான்."

"என்னத்தகா ஊத்தினாய்?" என்று வினாயகமூர்த்தி எழுந்தார்.

"நீங்க கொஞ்சம் இரிங்க. சேர், சண்டை நடந்து எண்ணெய்க்குத் தடை கிடந்த காலம். இஞ்சால ஒரு போத்தல் டீசல் தங்கத்துக்குச் சமம். செல் விழுந்து காயப்பட்ட ஆக்கள ஏத்திக்கொண்டு போனவர், ரெண்டு நாளா வரல்ல. மறுகா பாத்தா, திரும்பி வரக்குள்ள எண்ணெய் முடிஞ்சு காட்டு வழியில நிண்டிருக்கார். எனக்கு அது எப்பிடித் தெரியும்? அந்த ரெண்டு நாளும் நான் செத்துச் செத்துப் பிழைச்சன். இவர்ர ஊர்ப் பிள்ளையாருக்குத்தான் நேர்ந்தன். மனிசன் உசிரோட வந்தா, அந்த வாகனத்துக்கு அஞ்சு லீற்றர் ஊத்துறனெண்டு."

"பிள்ளையாருக்கு மோதகம்தானே அக்கா நேருவாங்க?" என்றார் றவூப்.

"மோதகத்தில வான் ஓடுமா சேர்?"

றவூப் அதையும் எழுதிக்கொண்டார்.

"அப்ப எண்ணெய் வாங்கக் காசு?" என்று கேட்டார் வினாயகமூர்த்தி.

"தோட்ட வித்தன்."

"தோடு இடம்பெயரக்குள்ள விழுந்துட்டு எண்டாய்?"

"விழுந்ததுதான். டாங்கிக்குள்ள விழுந்தது."

வினாயகமூர்த்தி அவளுடைய காதைப் பார்த்தார். வேப்பங்குச்சி போட்டிருந்த காது. அவருக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில் அழக்கூடாது என்று வானத்தைப் பார்த்தார்.

சின்னத்தங்கத்துக்கு இனிப் பயம் இல்லை. "சேர், நான் கண்டன். அன்னமக்கா ஊத்தினதக் கண்டுட்டு, என்ர மகனுக்குப் பாம்பு கடிச்ச நேரம் நானும் நேர்ந்தன். பிழைச்சான். ஊத்தினன். மறுகா ஊரெல்லாம் அப்பிடித்தான். இவர் ஒரு வாழைப்பழம் வாங்குறாரா? வேற எப்பிடி நாங்க கடன் தீர்க்கிற? பகல் சாப்பிட்டுட்டு அந்த வாங்கில படுத்தா, போன் அடிச்சா மட்டும்தான் எழும்புவார். அந்த நேரத்தில நான்தான் மூடியத் திறந்து குடுப்பன்."

"தடை நீங்கி எவ்வளவு காலம்? இப்ப செட்டில தாராளமாக் கிடைக்குதே."

"செட்டில கிடைச்சா? நேர்த்தி நேர்த்திதானே சேர்."

றவூப் பேனையை மூடி வைத்தார். "எங்கட உம்மா எனக்குக் காய்ச்சல் வந்தா ஆடு நேந்திருக்காங்க, சேவல் நேந்திருக்காங்க. டீசல் நேந்தத இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்." பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "ஆனா அக்கா, நீங்க அவர்ர மனைவி. இவங்க அவரோட வேலை செய்றவங்க. இத மட்டும் வச்சு நான் அறிக்க எழுதினா, மேல உள்ளவங்க சிரிப்பாங்க. வேற ஆக்கள் வேணும்."

"எத்தின பேர் சேர் வேணும்?" என்று கேட்டாள் சின்னத்தங்கம்.

அரை மணித்தியாலத்தில் வைத்தியசாலை வாசலில் நிற்க இடமில்லை. சேற்றுக் காலோடு வட்டையிலிருந்து வந்தார்கள். வலையைத் தோளில் போட்டபடி வாவியிலிருந்து வந்தார்கள். ஒருவர் உழவு இயந்திரத்தில் பீப்பாயோடு வந்து, "இண்டைக்கே ஊத்திரட்டா?" என்று கேட்டார். கைக்குழந்தையோடு ஒருத்தி, "இவன்தான் சேர் என்ர மூணு லீற்றர்" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

றவூப்பும் லேசுப்பட்டவர் இல்லை. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டார். எந்த வருடம், எந்த மாதம், யாருக்கு என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்று கேட்ட பிறகுதான், யாருக்கும் காட்டாமல் வாகனத்தின் ஓட்டப் பதிவைத் திறந்து பார்த்தார். மாரி வெள்ளத்தில் பிரசவம்: பதிவில் இருந்தது. தைப்பொங்கலன்று மாடு முட்டியது: இருந்தது. ஓடியதாக எழுதிய தூரமெல்லாம் ஓடிய தூரம்தான் என்பதற்கு, பிழைத்து வந்தவர்களே சாட்சி. இன்னும் வாக்குமூலம் எழுதாதவர்களின் வரிசை மருத மரத்தைச் சுற்றி நின்றது.

"சேவைக் காலம் முழுக்க வவுச்சர் தேடித் திரிஞ்சவன் நான்" என்றார் றவூப், டொக்டரிடம். "வவுச்சரெல்லாம் தன்ர காலால நடந்து வந்து வரிசையில நிக்கிறத இப்பதான் பாக்கன்."

பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பிழை இல்லாம இல்ல. அரசாங்க வாகனத்துக்குள்ள கணக்கில்லாம ஒரு சொட்டும் விழக்கூடாது. அதுக்கு வைத்தியசாலைக்கு ஒரு ஐயவினா வரும், டொக்டர் பதில் எழுதணும். முள்ளத் திருத்துங்க. மூடிக்குப் பூட்டுப் போடுங்க. இனி ஆர் ஊத்தினாலும் பற்றுச்சீட்டு எழுதணும். பேர், ஊர், தொழில் மூண்டும் வேணும். ஆனா இந்த அண்ணன் கள்ளன் இல்ல."

வாசலில் ஒரே கைதட்டல். ஐயவினா என்பது கணக்காய்வாளர்கள் அனுப்பும் கேள்விக் கடிதம் என்பதும், அது வந்தால் பதில் எழுதி முடியும்வரை உத்தியோகத்தருக்குச் சோறு இறங்காது என்பதும் டொக்டருக்குத் தெரியும். அவர் மட்டும் மெதுவாகத் தட்டினார்.

கைதட்டாத இன்னொருவர் வினாயகமூர்த்தி. வேலை தப்பியது, பென்சன் தப்பியது, மானம் தப்பியது. இருந்தும் மனிதர் வலது காலைப் பார்த்தபடி நின்றார். றவூப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணன், இப்பிடி வாகனம் எட்டுத்தான் ஓடும். இண்டைக்கு நீங்க ஓடினது ஒன்பது. மற்ற அஞ்சும் பிள்ளையார்ர. அந்த ஒண்டு உங்கட காலுக்கு. அதையும் அறிக்கையில எழுதுறன்."

வினாயகமூர்த்தி நிமிர்ந்தார். "ஒண்டு இரிக்கா சேர்?"

"இரிக்கி. நான் ரெண்டு தரம் கணக்குப் போட்டன்."

அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

பின்னேரம் மண்முனைத் துறையில் பாதை கரை தட்டியபோது, பிரஷாந்தி முதலில் கண்டது அப்பாவைத்தான். மோட்டார்சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். நடந்ததை இரண்டு வரியில் சொல்லி முடித்தார். பிறகு கேட்டார்.

"உனக்கு முதலே தெரியுமா?"

"ஓம் அப்பா."

"எப்ப இருந்து?"

"போன கிழமையில இருந்து."

வினாயகமூர்த்தியின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. "அப்ப அந்தப் பொத்தான்?"

"அதுக்குமேல ஒண்டும் சொல்லேலாம இருந்துது அப்பா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத மகள். கள்ளம் பொய் இல்லாம இரு, இரு எண்டு சொல்லி வளத்தது நான்தானே. அது முதல்ல எனக்குத்தான் வந்து விடிஞ்சிரிக்கி." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஏறு. கொம்மா ஏதோ கையில வச்சுக்கொண்டு உன்னத்தான் பாத்துக்கொண்டு நிக்காள்."

ஏறாவூர் அக்கா, பார்த்தீர்களா? நெஞ்சுதான், கல் இல்லை.

அன்னப்பூரணி படலையில் நின்றாள். கையில் இருந்தது காலையில் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன அதே கான்.

"வாகா கிளி. மேல் கழுவிப்போட்டு வா. விளக்கு வைக்க முதல் ஊத்தணும்."

"ஆர் ஊத்தணும்?"

"நீதான். காலையில உன்ர முகத்தப் பாத்தன். அப்பாட தலைக்கு ஏதோ வருதெண்டு விளங்கிற்று. உடன நேர்ந்தன். அவருக்கு ஒண்டும் வராட்டி, இண்டைக்கே என்ர மகள் தன்ர கையால அம்புலன்ஸுக்குப் பத்து லீற்றர் ஊத்துவாளெண்டு."

"என்ர கையாலயா? அம்மா, நான் கணக்காய்வுக் கந்தோர்! கணக்குப் பாக்கிற இடத்தில ஒண்டும் வாங்கவும் ஏலா, குடுக்கவும் ஏலா. கையெழுத்து வச்சிரிக்கன்."

"அத நான் பிள்ளையாருக்குச் சொல்லல்லயே."

"நீங்க ஊத்துங்களன். உங்கட நேர்த்திதானே?"

"உன்ர கையெண்டு சொல்லிப்போட்டு என்ர கைய நீட்டினா, அது நேர்த்தியா, ஏமாத்தா? உங்கட கந்தோரில அதுக்கு என்ன பேர்?"

பிரஷாந்தி அப்பாவைப் பார்த்தாள். வினாயகமூர்த்தி, இந்த வழக்கில் தனக்குச் சம்பந்தம் இல்லை என்பதுபோல, சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரம். மருத மரத்தின் கீழ் ஒரு மேசை போட்டு, புத்தம்புதுப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு சின்னத்தங்கம் உட்கார்ந்திருந்தாள். டாங்கி மூடியில் புதுப் பூட்டு. சாவி அவள் இடுப்பில்.

"வா புள்ள. நீதான் முதல் ஆள்." பேரையும் ஊரையும் கேட்காமலே எழுதினாள். "தொழில்?"

கான் கையில் கனத்தது.

"வீட்டுவேலை எண்டு போட்டு விடட்டா?" என்று சின்னத்தங்கம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

றவூப். வாக்குமூலங்கள் எழுதி முடிவதற்குள் கடைசிப் பாதை போய்விட்டது. கார் சுற்றுவழியால் போக வேண்டும் என்று சாரதி டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். றவூப் தன் தேநீர்ப் போத்தலின் அடியில் கிடந்த மிச்சத்தை மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அதில என்ன தங்கச்சி?"

"டீசல், சேர்."

"ஆர்ர நேர்த்தி?"

"அம்மாட. ஆனா என்ர கையாலதான் ஊத்தணுமாம்."

றவூப் அம்புலன்ஸின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உண்மைய எழுதினீங்கண்டா, நாளைக்குக் காலையில நான் உங்களுக்கு ஒரு ஐயவினா அனுப்பணும். பொய்ய எழுதினீங்கண்டா அவர் அனுப்புவார். ஆருக்குப் பதில் எழுதுறது லேசெண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

பிரஷாந்தி சின்னத்தங்கத்தின் கையிலிருந்து பேனையை வாங்கினாள். தொழில் என்ற இடத்தில் 'கணக்காய்வு உத்தியோகத்தர்' என்று முழுதாக எழுதினாள். பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பூட்டத் திறங்க அக்கா" என்று சொல்லிக் கானைத் தூக்கினாள்.

டீசல் இறங்கும் சத்தம் கேட்டது. றவூப் தன் பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.